மூன்று நிமிஷப் பொறுமை

சித்திரை மாதத்துக் கள்ளக்குறிச்சியைப் பற்றி நாம் அதிகமாக வர்ணிக்க வேண்டியதில்லை. அம்மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைவீதியில் நடந்தவர்களுக்கு அது தெரியும். நடவாதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. இந்த ஊருக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில், கல்வராயன் மலை நீலமாய் நிற்கிறது. ஆயிரம் அடி உயர்ந்தால் உஷ்ணம் சுமார் 2 டிகிரி குறையும் என்பது பொது விதி. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடியும், பெரிய கல்வராயன் சராசரி 4,000 அடியும் உயர்ந்தவை. ஆகவே, கீழே நாம் 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது மேலே 35 டிகிரியும், இன்னும் மேலே 32, 33 டிகிரியும் இருப்பது இயற்கை. அந்தக் குளிர்ச்சிக்கு மின்சாரக் கட்டணம் கிடையாது.

ஆனால், பள்ளிக்கூடமும் காரியாலயமும் கடையும் ஆஸ்பத்திரியும் கீழே இருக்கையில் எல்லோரும் மலைமேல் குடியேறிவிட முடியுமா? ஆகவேதான் மலைக் காற்றை விலை கொடுத்து வீட்டுக்குள் வரவழைக்கிறோம். ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையிலும் பெரிய மனிதர் மாளிகையிலும் மட்டுமே இருந்த ஏ.ஸி. யந்திரம், இன்று சாமானியக் குடும்பங்களின் படுக்கையறைச் சுவரிலும் ஏறியிருக்கிறது. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் என்பவர் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்காமல் இருக்கும்பொருட்டு அமைத்த வித்தை, நம் வீட்டுக் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குவதற்கு உதவுகிறது. நல்லதுதான். குறை கூற நாம் வரவில்லை.

இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்த யந்திரத்தைப் பற்றி அல்ல. அதற்கு மின்சாரத்தைக் கொடுப்பதும் நிறுத்துவதுமாக இருக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி. அதற்கு 'ரிலே' என்று பெயர். தீப்பெட்டியிற் பாதிகூட இராது. நேயர்கள் அதைப் பார்த்திராவிட்டாலும் அதன் குரலைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். இரவில் மின்சார அழுத்தம் ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் வருகிறதல்லவா? அது ரிலேயின் குரலே.

சிறிய கை, பெரிய மதகு

ரிலே என்பது யாது? கோமுகி அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மதகைத் திறக்கும் மனிதனின் கைப்பலம் எவ்வளவு? வாய்க்காலில் புரண்டு வரும் வெள்ளத்தின் பலம் எவ்வளவு? இவ்விரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஆயினும், சிறிய கையே பெரிய நீரை ஆள்கிறது. ரிலேயும் அப்படியே. மெல்லிய செப்புக் கம்பியை ஓர் இரும்புத் துண்டின்மேல் சுற்றியிருக்கிறது. அந்தச் சுருளில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு காந்தமாகிறது; எதிரே உள்ள ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது; தகட்டின் நுனியில் உள்ள வெள்ளிக் கலப்புப் பொட்டு, மற்றொரு பொட்டைப் போய்த் தொடுகிறது; பெரிய மின்சாரத்துக்கு வழி திறக்கிறது. சுருளில் மின்சாரம் நின்றதும் வில் தகட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது, வழி மூடுகிறது. சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருள் உண்பது அரை வாட்டுக்கும் குறைவு. அது ஆள்வதோ ஆயிரக்கணக்கான வாட். இவ்விரண்டு மின்சாரமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பது இதன் மற்றொரு நயம்.

இந்த யோசனை புதியதன்று. 1835-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஆசிரியர் ஜோசப் ஹென்றி, நெடுந்தூரம் சென்று மெலிந்துபோன மின்சாரத்தைக்கொண்டு வேறொரு பலமான மின்சாரத்தைத் திறந்து மூடலாம் என்று காட்டினார். தந்தித் துறைக்கு இது உயிர்நாடியாயிற்று. களைத்த குதிரையை மாற்றிப் புதுக் குதிரை பூட்டிப் பிரயாணத்தைத் தொடர்வதுபோல், களைத்த செய்தியைப் புது மின்சாரத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ரிலே என்ற பெயரே அந்தக் குதிரை மாற்றத்திலிருந்து வந்தது. நம் நாட்டில் 2013 ஜூலை மாதத்தோடு தந்தி ஓய்ந்துவிட்டது. தந்தியோடு வளர்ந்த ரிலே ஓயவில்லை. குளிர்ப்பெட்டியிலும், துணி துவைக்கும் யந்திரத்திலும், மோட்டார் காரிலும், வயற்காட்டுப் பம்பு ஸ்டார்ட்டரிலும் புகுந்துகொண்டு ஊழியம் செய்கிறது.

கட்டளையும் கீழ்ப்படிதலும்

இனி ஒரு நிகழ்ச்சி. நம் நண்பர் ஒருவரின் புதல்வன் என்ஜினீயரிங் மாணவன், கெட்டிக்காரப் பையன். கடையில் வாங்கிய ஒரு சிறு ரிலேப் பலகையைக் கைபேசியோடு இணைத்து, எங்கிருந்தும் வீட்டு ஏ.ஸி.யைப் போடவும் நிறுத்தவும் வழி செய்துவிட்டான். ரிலேயின்மேல் '10 ஆம்பியர்' என்று அச்சிட்டிருந்தது. அவர்கள் வீட்டு ஒன்றரை டன் ஏ.ஸி. பழைய மாதிரி, ஓடும்போது இழுப்பது ஏழு, எட்டு ஆம்பியர்தான். 'பத்துக்குள் எட்டு அடங்காதா?' என்பது பையனின் கணக்கு. கணக்கில் பிழையில்லை, கணக்கில் சேராத ஒன்று பாக்கி இருந்தது.

ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு மலைக்குப் புறப்பட்டார்கள். கச்சிராயப்பாளையம் தாண்டும்போது ஏ.ஸி.யை நிறுத்தாமல் வந்தது தாயாருக்கு நினைவு வந்தது. பையன் சிரித்துக்கொண்டே கைபேசியைத் தட்டினான். 'நின்றுவிட்டது' என்று திரையில் எழுத்து வந்தது. வெள்ளிமலையில் உறவினர் வீட்டில் விசிறிகூட இல்லாமல் சுகமாகத் தூங்கி, பெரியார் அருவியில் நீராடி, ஞாயிறு மாலை திரும்பினார்கள். கதவைத் திறந்தால் அறை பனிக்கட்டிக் கிடங்குபோல் இருந்தது. பூட்டிய வீட்டில் யந்திரம் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ரிலேப் பலகை இருந்த பெட்டி பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வீசிற்று.

நம்மிடம் படித்து இப்போது எலெக்ட்ரீஷியனாக இருக்கும் ஓர் இளைஞரை அழைத்துச் சென்றோம். அவர் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஸார், ரிலே ஒட்டிக்கிட்டுது. பையன் நிறுத்தச் சொன்னது வாஸ்தவம். இது கேட்கத்தான் இல்லை. இன்னும் ஒரு ராத்திரி ஓடியிருந்தா சுவரே பத்தியிருக்கும்" என்றார். நண்பர் மகனைப் பார்த்தார். "தம்பியைத் திட்டாதீங்க ஐயா. எல்லோரும் இப்படித்தான் நம்பர் பார்த்து வாங்கறாங்க" என்று இளைஞரே பரிந்து பேசினார்.

நடந்தது இதுதான். மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்து, ஆறு மடங்கு மின்சாரத்தை ஒரு கணம் இழுக்கிறது. பாரவண்டியை நகர்த்துவதற்கு எருதுகள் முதலில் மூச்சைப் பிடித்து இழுப்பதைப் போன்றது இது. எட்டு ஆம்பியர் யந்திரம் அந்தக் கணத்தில் நாற்பது ஆம்பியரைத் தொடும். அதே கணத்தில்தான் ரிலேயின் இரு பொட்டுகளும் ஒன்றையொன்று மோதுகின்றன. மோதியதும் பந்துபோல் நுண்ணியதாக எகிறி மறுபடி அமர்கின்றன. எகிறும் இடைவெளியில் தீப்பொறி பாய்கிறது, உலோகம் உருகுகிறது, உருகிய இடத்திலேயே இரண்டும் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் சுருளில் மின்சாரத்தை நிறுத்தினாலும் வில்லுக்கு அவற்றைப் பிரிக்கும் சக்தி போதாது.

மேலே அச்சிட்ட பத்து ஆம்பியர் என்பது இஸ்திரிப் பெட்டி போன்ற சாதுவான சுமைகளுக்கு உரிய அளவு. மோட்டாருக்கு அந்த ரிலேயின் தகுதி மிகவும் குறைவு. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 'நின்றுவிட்டது' என்று கைபேசி சொன்னது பொய்யன்று. தான் அனுப்பிய கட்டளையை அது சொல்லிற்று. கட்டளை நிறைவேறியதா என்பது அதற்குத் தெரியாது. உத்தரவு போட்டதையே காரியம் முடிந்ததாக எண்ணும் அதிகாரிகளை நாம் எல்லோரும் அறிவோம். மறு நாள் அந்த ஒட்டிய ரிலேயை வகுப்பில் உடைத்துக் காட்டினோம். புத்தகத்தில் ஒரு வாரம் நடத்தியும் ஏறாத மின்காந்தப் பாடம், அன்று அரை மணியில் ஏறிவிட்டது.

ஏன் மூன்று நிமிஷம்?

மின்சாரம் போய் வந்ததும் ஏ.ஸி. உடனே குளிர்காற்றைத் தருவதில்லை. விசிறி மட்டும் சுழல்கிறது. வெளியே உள்ள யந்திரம் மௌனமாக இருக்கிறது. மூன்று நிமிஷம் கழிந்தே உறுமுகிறது. 'பழுதாயிற்றோ?' என்று பதறி, ரிமோட்டைப் பலமுறை அழுத்துகிறவர்கள் உண்டு. அது பழுதன்று, பொறுமை.

யந்திரத்தின் உள்ளே வாயு ஒரு பக்கம் அதிக அழுத்தத்திலும், மறு பக்கம் குறைந்த அழுத்தத்திலும் இருக்கிறது. ஓட்டம் நின்றதும் இந்த ஏற்றத்தாழ்வு, நுண்ணிய குழாய் வழியே மெல்ல மெல்லச் சமமாகிறது. அதற்குள் அவசரப்பட்டுக் கிளப்பினால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாமல் நின்ற இடத்திலேயே திணறும். அப்போது நாற்பது ஆம்பியர் ஒரு கணத்தோடு போகாது. பாதுகாப்புச் சாதனம் துண்டிக்கும்வரை நீடிக்கும். சுருள் கொதிக்கும், ரிலே உருகும், விளக்குகள் மங்கும். ஆகவேதான் யந்திரத்திலும் ஸ்டெபிலைசரிலும் காலதாமத ஏற்பாடு வைக்கிறார்கள். ரிலேயின் முதல் குணம் கட்டளையைச் செய்வது. அதனினும் உயர்ந்த குணம், செய்யத் தகாத வேளையில் செய்யாதிருப்பது.

அண்டை வீட்டாரின் வோல்ட்

இதுவரை சொன்னவை ஒரு வீட்டின் விஷயம். ஆனால் மின்சாரக் கம்பி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கோடை இரவில் ஒரு தெருவைக் கவனியுங்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170 வோல்ட் வருகிறது. ஸ்டெபிலைசர் 'டக்' என்று ரிலேயை மாற்றி, உள்ளே 230-க்கு அருகில் உயர்த்திக் கொடுக்கிறது. எங்கிருந்து உயர்த்துகிறது? வானத்திலிருந்தா? 1,600 வாட் தேவைப்படும் யந்திரம், 230 வோல்ட் வரும்போது கம்பியிலிருந்து சுமார் 7 ஆம்பியர் எடுக்கிறது. 170 வோல்ட் வரும்போது ஸ்டெபிலைசர் வழியாகச் சுமார் 9.4 ஆம்பியர் எடுக்கிறது. கம்பியில் வீணாகும் சக்தி ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. கம்பியில் அதிக ஓட்டம் பாய்ந்தால் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும் வோல்ட் இன்னும் குறைகிறது. அவ்வீட்டு ஸ்டெபிலைசரும் சும்மா இருக்குமா? அதுவும் அதிகமாக இழுக்கிறது. இப்படியாக ஒவ்வொரு வீட்டின் நிம்மதிக்கும் அடுத்த வீடு கொஞ்சம் விலை கொடுக்கிறது. ஸ்டெபிலைசர் வாங்க வசதியில்லாத குடிசையில் டியூப் விளக்குக் கண் சிமிட்டிக்கொண்டே எரியாமற் போகிறது.

மின்தடை நீங்கும் வேளை இன்னும் கடினமானது. ஒரு மணி நேரம் நின்ற மின்சாரம் வந்ததும் அறைகளெல்லாம் சுட்டுக் கிடக்கின்றன. எல்லா யந்திரங்களுக்கும் ஒரே சமயத்தில் வேலை. ஊர்ப்புறத்தில், ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த கரும்புத் தோட்டத்துப் பம்புகளும் மும்முனை மின்சாரம் வந்த மாத்திரத்தில் தாமாகவே எழுகின்றன. மூன்று நிமிஷப் பொறுமை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால், எல்லோருக்கும் அதே மூன்று நிமிஷம்! முதல் மூன்று நிமிஷம் தெரு சாதுவாக இருக்கிறது. அது முடிந்ததும் நாற்பது வீடுகளின் மோட்டார்கள் ஒருமிக்க எழுந்து, ஒருமிக்க ஆறு மடங்கு கேட்கின்றன. டிரான்ஸ்பார்மரின் பீஸ் போகிறது. மறுபடியும் இருள், மறுபடியும் லைன்மேன் சைக்கிளில் வருவாரா, மோட்டார் சைக்கிளில் வருவாரா என்று வாசலில் நின்று பார்க்கிறோம்.

இராஜ்ய அளவிலும் கதை இதுவே. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டிற்று. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் கோடிக்கணக்கான மக்கள் இருளில் மூழ்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது தென்னாட்டு மின்தொடர் வடநாட்டோடு ஒரே லயத்தில் பிணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31-இல்தான் பிணைக்கப்பட்டது. இன்று தேசம் முழுவதும் ஒரே தொடர். விநாடிக்கு 50 என்ற அலையின் தாளம் ஓரளவுக்குக் கீழே தாழ்ந்தால், துணை மின்நிலையங்களில் உள்ள ரிலேகள் தாமே சில பகுதிகளைத் துண்டித்து மற்றப் பகுதிகளைக் காக்கின்றன. நம் வீட்டு ஸ்டெபிலைசரில் 'டக்' என்பதும் இந்தப் பெரிய குடும்பத்தின் சின்னப் பிள்ளைதான்.

முறை வைத்துப் பாய்ச்சுவோம்

இனி, செய்யத் தக்கவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, ஏ.ஸி.யை வெளியிலிருந்து கட்டுப்படுத்த விரும்புவோர், சிறு ரிலேயிடம் நேரே மோட்டாரை ஒப்படைக்கலாகாது. சிறு ரிலே, காண்டாக்டர் என்னும் அதன் தமையனுக்குச் சொல்லட்டும். காண்டாக்டர் மோட்டாரை ஆளட்டும். காண்டாக்டரை வாங்கும்போது அதன்மேல் உள்ள பொது அளவைப் பார்க்காமல், மோட்டார் சுமைக்கு எத்தனை ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும். இவ்வேலையைத் தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியனே செய்ய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் ஆர்வத்துக்கு 5 வோல்ட் பக்கம் இருக்கிறது. 230 வோல்ட் பக்கம் வேண்டாம்.

இரண்டாவது, இப்போது அதிகமாக விற்கும் இன்வெர்ட்டர் வகை ஏ.ஸி.க்கு இவை ஒன்றும் தேவையில்லை. அது வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்து மெல்லப் புறப்படும் சாது. அதன் மின்சாரத்தை வெளியிலிருந்து அடிக்கடி வெட்டுவது அதன் மின்னணுப் பலகைக்குக் கேடு. ரிமோட்டின் மொழியையே பேசி உத்தரவிடும் சிறு கருவிகள் கிடைக்கின்றன, அவையே உத்தமம்.

மூன்றாவது, பீஸ் கட்டையில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, 'இனிமேல் பீஸ் போகாது' என்று சந்தோஷப்படும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பீஸ் போகாது, வீடு போகும். சரியான அளவு எம்.ஸி.பி.யும், கசிவு கண்டால் துண்டிக்கும் டிரிப்பரும், நல்ல எர்த்தும் இருந்தால், ரிலே ஒட்டிக்கொண்டாலும் உயிருக்கும் வீட்டுக்கும் காவல் பலப்படும்.

நான்காவது, ரிமோட்டில் 18 என்று வைப்பதால் அறை சீக்கிரம் குளிர்வதில்லை. பழைய மாதிரி யந்திரம் ஒரே பலத்தில்தான் ஓடும். 2020 ஜனவரி முதல் புதிய யந்திரங்கள் 24 டிகிரியில் தொடங்குமாறு சர்க்கார் விதி செய்திருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சமாகும் என்றும் கணக்கிடுகிறார்கள்.

ஐந்தாவதே நம் முக்கியமான விண்ணப்பம். நம் முன்னோர் ஏரி நீரை எப்படிப் பங்கிட்டார்கள்? எல்லா மடைகளையும் ஒரே வேளையில் திறந்தால் கடைமடைக்குச் சொட்டு நீரும் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். முறை வைத்துப் பாய்ச்சினார்கள். அதைக் கவனிக்க ஒரு நீர்க்கட்டியை நியமித்தார்கள். டிரான்ஸ்பார்மரும் தெருவுக்குப் பொதுவான ஓர் ஏரிதான். காலதாமத ரிலேயில் நிமிஷத்தை மாற்றி வைக்கும் குமிழ் ஒன்று உண்டு. பழைய மாதிரி ஏ.ஸி. உள்ள வீட்டார், காண்டாக்டரோடு அதையும் சேர்த்துப் பொருத்தி, ஒருவர் மூன்று நிமிஷம், அடுத்தவர் ஐந்து, அதற்கடுத்தவர் ஏழு என்று பேசி வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள், மின்சாரம் வந்ததும் யந்திரம் தானாக எழும் ஏற்பாட்டைக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, தம் முறை வந்ததும் கையால் போடலாம். நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுக்கு முதல் முறை. தோட்டக்காரர்களும் ஆட்டோ ஸ்டார்ட்டரில் இவ்வாறே செய்யலாம். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. மாலையில் திண்ணையில் ஐந்து நிமிஷப் பேச்சுப் போதும்.

இவ்வாரமே ஒரு தெருவில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். அடுத்த மின்தடை நீங்கியதும் கடைசி வீட்டு விளக்கு மங்காமல் எரிகிறதா என்று யாராவது ஒருவர் போய்ப் பார்த்து வந்து சொன்னால், அந்தச் செய்தியை இப்பகுதியிலேயே மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.